அரைப் புள்ளி

"யாராவது முன்வருகிறீர்களா?" என்று
ஆசிரியை குமகாய் கேட்டபோது
நாங்கள் இருபத்தாறு பேர்
எட்டு வயதுக்கான நாற்காலிகளில்
முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தோம்.
என் மேசையில் யாரோ காம்பஸ் முனையால் கீறிய ஆமை.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பக்கத்து மேசையில் என்ன இருந்ததோ,
அவளும் கண்ணெடுக்கவில்லை.
வெளியே அகிதாவின் ஏப்ரல்.
மைதான ஓரம் இன்னும் கரையாத அழுக்குப் பனி.
ஹீட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

கடைசியில் கல், காகிதம், கத்தரி.
நான் கல் வைத்தேன்.
எப்போதும் கல்தான் வைப்பேன், கணவருக்குத் தெரியும்.

தோற்றவர்கள் எட்டுப் பேர்.
ஏழு அம்மாக்கள், ஒரு தொகாஷி:
தோஃபு வண்டி ஓட்டுகிறவர்,
கத்தரியின் வளையத்துக்குள் விரல் நுழையாதவர்.

வேலை இதுதான்.
மயோனைஸ் பொட்டலம், நூடுல்ஸ் உறை, அழிப்பான் அட்டை,
எல்லாவற்றின் மூலையிலும் நகக்கண் அளவு மணிப் படம்.
பிள்ளைகள் பையில் அடைத்துக் கொண்டுவருவதை
ஓரம் பிசகாமல் வெட்டி
கம்பெனி வாரியாகப் பிரித்து
பத்துப் பத்தாக ஒட்டி
கூட்டி அனுப்பினால்
புள்ளிக்கு ஒரு யென்.
சில மணிகள் அரைப் புள்ளிதான்.

சிறுதுளி பெருவெள்ளம் என்றது
வெட்டிப் பார்க்காதவர்கள்.
எங்கள் சிறுதுளி
வெகு காலம் சிறுதுளியாகவே இருந்தது.

ஜூனில் நாரிதா கணக்குப் போட்டாள்.
வங்கியில் வேலை, அரைநாள் விடுப்பில் வருகிறவள்.
"ஆளுக்கு இரண்டு மணி நேரக் கூலியைப் போட்டால்
இன்று சாயங்காலமே வாங்கிவிடலாம்."
யாரும் மறுக்கவில்லை, கணக்கு சரி.
கத்தரிகள் நின்றன. பிறகு
ஒன்றன்பின் ஒன்றாக மறுபடி ஓடின.
ஏன் என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது.
அடுத்த மாதம் முதல் ஆளாக வந்து
ஜன்னலைத் திறந்தவள் நாரிதாவேதான்.

வாங்கப்போவது ஒற்றைச் சக்கர சைக்கிள்.
பள்ளியில் இருந்த மூன்றில் ஒன்று
இருக்கை கிழிந்து, மழையில் பஞ்சு வீங்கிக் கிடந்தது.
ஊர் கூடினால் தேர் இழுக்கலாம்.
நாங்கள் இழுத்ததற்குச் சக்கரமே ஒன்றுதான்.

அக்டோபரில் தொகாஷி தும்மினார்.
அவர் வண்டியின் ஊதுகுழலே தோற்கும்.
மூன்று மாத மணிகள்
நூலக அறைத் தரையெங்கும்.
எட்டுப் பேரும் மண்டியிட்டோம்.
ஆறு மாதமாக 'சரி', 'நன்றி' தவிர எதுவும் பேசாத இசோனோ
அலமாரிக்கு அடியில் கைவிட்டபடி
முகம் காட்டாமலே சொன்னாள்:
"வீட்டில் இப்போது நானும் மகளும் மட்டும்தான்.
இரண்டு பேருக்கு மயோனைஸ் சீக்கிரம் தீர்வதில்லை.
அதனால்தான் எங்கள் பை இளைத்திருக்கிறது."

யாரும் அடடா என்று சொல்லவில்லை.
ஹதகேயாமா தன் விரல் நுனியில் ஒட்டியிருந்த மணியை எடுத்து
இசோனோவின் முழங்கையில் ஒட்டினாள்.
"தோஃபு உறையில் மணி கிடையாது,
மன்னிக்க வேண்டும்" என்றார் தொகாஷி,
கம்பெனியே தன்னுடையது என்பதுபோல.
அப்புறம் சிரித்தோம். வெகுநேரம்.
பக்கத்து அறையிலிருந்து குமகாய் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பிப்ரவரியில் இசோனோவும் மகளும்
மோரியோகாவுக்குக் குடிபெயர்ந்தார்கள்.
சைக்கிள் மார்ச்சில் வந்தது, மஞ்சள் நிறம்.
மைதானத்தில் பனி,
அதனால் இரண்டு வாரம் நடைபாதையில் சாய்ந்தே நின்றது.
என் மகன் ரிந்தாரோ ஒருமுறை ஏறினான், ஒருமுறை விழுந்தான்.
"எனக்கு டாட்ஜ்பால்தான் பிடிக்கும்" என்றான்.

பிறகு ஒரு நாள் பள்ளி முகவரிக்கு ஓர் உறை.
கடிதம் இல்லை. பதினோரு மணிகள்,
ஓரம் பிசகாமல்.
அத்தனையும் அரைப் புள்ளி.
எந்த ஆண்டுக் கணக்கில் எழுதுவது?
இன்னும் எழுதவில்லை,
என் பர்ஸில் இருக்கின்றன.

ஏப்ரல். வேறு வகுப்பறை, வேறு மேசை,
ஆமை இல்லை.
"யாராவது முன்வருகிறீர்களா?"
அதே மௌனம். நானும்தான்.
கல், காகிதம், கத்தரி.

"மறுபடியுமா? தெரிந்தேதான் வைத்தாயா?"
இரவு கணவர் கேட்டார்.
குளிரில் விரல் விரியவில்லை என்றேன்.